டார்வினே சொல்லிவிட்டார்!

அக்கா: டேய், நிறுத்துடா. பிள்ளை இப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறாள்.

தம்பி: நானாகவா பாடுகிறேன்? அது மனித இனத்தின் இயல்பூக்கம். பேச்சு வருவதற்கு முன்பே நம் முன்னோர் பாடித்தான் துணையைக் கவர்ந்திருப்பார்கள் என்று டார்வினே 1871-இல் எழுதிவிட்டார்.

அக்கா: நீயும்தான் எத்தனை வருஷமாகப் பாடுகிறாய்! ஒருத்தியாவது திரும்பிப் பார்த்தாளா? எதிர்வீட்டுப் பெண் பார்த்தது ஜன்னல் கொக்கி எங்கே என்றுதான்.

தம்பி: அது அவளுடைய பரிணாமக் குறை.

அக்கா: சரி, துணை தேடத்தான் பாட்டென்றால் தாலாட்டு எதற்கு?

தம்பி: அதற்கும் விளக்கம் உண்டு. குரங்குக் குட்டி தாயின் ரோமத்தைப் பற்றித் தொங்கிக்கொள்ளும். நமக்கு ரோமம் போய்விட்டது. தாய் கிழங்கு தோண்டப் போனால் பிள்ளையைக் கீழே கிடத்தித்தான் ஆக வேண்டும். அது வீறிடும். 'இதோ இருக்கிறேன்' என்று ராகம் இழுத்துக்கொண்டே வேலை பார்த்திருப்பாள். தாலாட்டு அப்படி வந்திருக்கலாம் என்கிறார்கள்.

அக்கா: இது நியாயம். அடுப்படியிலிருந்து நானும் அதைத்தானே செய்கிறேன். ஆனால் உன் குரலைக் கேட்டால் பிள்ளை தவழ்ந்தே ஊரைத் தாண்டிவிடும்.

தம்பி: கேள். குரங்குகள் பேன் பார்த்து நட்பு வளர்க்கும். ஒரு நேரத்தில் ஒரு தலைதான். கூட்டம் பெருத்தபோது மனிதர்கள் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள் என்கிறார் ராபின் டன்பர் என்ற பரிணாம உளவியலாளர். சேர்ந்து பாடினால் எண்டார்பின் என்ற, மனதுக்கு இதம் தரும் ரசாயனம் உடம்பில் சுரக்குமாம்.

அக்கா: நீ பேசாமல் பேனே பார். சத்தம் வராது. இதெல்லாம் சும்மா, பொழுது போகாமல் வந்ததுதான் பாட்டு.

தம்பி: நீ உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் கட்சியா? இசை என்பது காதுக்குக் கொடுக்கிற சீஸ்கேக், மற்றபடி உபயோகமில்லை என்று 1997-இல் எழுதினார்.

அக்கா: உன்னுடையது தீய்ந்த கேக்.

தம்பி: ஜெர்மனியில் ஒரு குகையில், பிணந்தின்னிக் கழுகின் எலும்பில் துளை போட்ட புல்லாங்குழல் கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 40,000 வருஷப் பழசு. வெளியே பனி, வயிற்றில் பசி. அதிலும் ஒருவன் உட்கார்ந்து எலும்பைக் குடைந்திருக்கிறான் என்றால்?

அக்கா: அவனுடைய அக்கா என்ன பாடு பட்டாளோ!

தம்பி: ஸ்நோபால் என்றொரு காக்கட்டூ கிளி. பாட்டின் வேகத்தைக் கூட்டினால் அதற்கேற்ப ஆட்டத்தையும் கூட்டியது. கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லக் கற்கும் உயிர்களுக்குத்தான் தாளம் பிடிபடும் என்று ஒரு கருத்து.

அக்கா: கிளிக்கே பிடிபட்டதா? அப்படியானால் நீ எந்த இனமடா?

தம்பி: கடைசியாக ஒன்று. கூட்டமாகக் கத்திப் பாடியே கொடிய மிருகங்களை விரட்டினார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

அக்கா: இதை நம்புகிறேன். பரணில் எலித் தொல்லை தாங்கவில்லை. ஏறிப்போய் ஒரு பல்லவி எடுத்து விடு. கதவைச் சாத்திக்கொண்டு!