சுகமான பிறகு வந்து சாட்சி சொல்லலாம் என்றவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் சபையில், கர்த்தர் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி வேளையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு நாட்கள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

புற்றுநோயோடு போராடும் நம் சபை அக்கா ஒருவர் கேட்டது இரண்டு நிமிடம். ஆறாவது கீமோவுக்குப் பிறகும் கட்டி கரையவில்லை, ஆனாலும் கர்த்தர் என்னோடு இருக்கிறார் என்று சொல்லத்தான் எழுந்தார். முதல் பாதியைச் சொன்னதுமே மைக்கை வாங்கிக்கொண்டு, "சுகமான பிறகு வந்து சொல்லுங்கள், கேட்கிறவர்களின் விசுவாசம் தளர்ந்துவிடும்" என்றார்கள். யாருடைய விசுவாசம் தளரும்? முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு ஆராதனைக்கு வந்து நிற்கிறவரைப் பார்த்தா?

சுகம் மட்டுமே சாட்சி என்றால் அப்போஸ்தலன் பவுலுக்கு நம் மேடையில் இடமில்லை. மாம்சத்திலுள்ள முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. நீங்காத அந்த முள்ளைப் பற்றி அவர் கொரிந்து சபைக்கு எழுதியதைத்தான் நாம் அட்டையில் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். தமிழ்நாட்டு டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி எமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார், அங்கிருந்தே எழுதினார். அவரிடமும் சுகமான பிறகு எழுதுங்கள் என்று சொல்லியிருப்போமா?

என் அப்பா பக்கவாதத்தில் மூன்று வருடம் கிடந்தார். முதல் வருடம் எனக்கு ஒரே ஜெபம்: அவரை எழுப்பிவிடும் ஆண்டவரே. இரண்டாம் வருடம் ஜெபமே வரவில்லை. ஆனால் காலை ஐந்து மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பைத் துடைத்துவிட்டு, வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் ஒன்றை வாசிப்பதை மட்டும் நான் விடவில்லை. விருப்பத்தோடு வாசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் 88ஆம் சங்கீதம் வந்தது. மற்ற புலம்பல்கள் பலவற்றைப் போல அது துதியில் போய் முடிவதில்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. வாசித்து முடித்ததும் அப்பா, அசைகிற ஒரு கையால் புத்தகத்தைத் தட்டினார். மறுபடி வாசி என்று அர்த்தம். தேவனிடம் இப்படியும் பேசலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வேதாகமத்தில் எபிரெயர் 12ஆம் அதிகாரத்தில் சிட்சையின், அதாவது தேவன் நம்மைக் கண்டித்துப் பழக்குவதன், பலன் "அதில் பழகினவர்களுக்கு" என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் உடற்பயிற்சியோடு தொடர்புள்ளது. தினமும் செய்து செய்துதான் உடம்பு உரம்பெறும். நான் வளர்ந்தது அற்புதம் கண்டு அல்ல, அந்த ஐந்து மணிகளில்.

"அப்படியானால் சுகத்துக்காக ஜெபிக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். அக்காவுக்காக இன்று காலையும் உபவாசித்து ஜெபித்தேன். சபை ஊழியரைக் குறை சொல்லாதே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, பொறுமையும் இல்லை. "கணவனிடம் அடிவாங்குகிறவளிடமும் இதைச் சிட்சை என்பாயா?" என்று ஒரு தோழி கேட்டாள். அந்தக் கேள்வி மட்டும் என்னை உலுக்கியது. இல்லை. அவள் முதலில் அந்த வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும். அடிக்கிறவனுடைய கையைக் கர்த்தருடைய கை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. என் துன்பத்தில் நான் கற்றதை நான் சொல்லலாம், இன்னொருவர் துன்பத்துக்கு நான் பாடம் எழுதக் கூடாது.

எங்கள் துன்பத்துக்கு அப்படிப் பாடம் எழுதினார்கள். அப்பாவின் கட்டிலருகே நின்றுகொண்டே, "வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அப்பாவுக்குப் பேச்சு வராதே தவிர, காது நன்றாகக் கேட்கும். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களுக்கு, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொல்லிவிட்டார். பிறகும் ஏன் கேட்கிறீர்கள்? எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் சிநேகிதர்கள்கூட முதலில் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உங்களால் ஏழு நிமிடம் முடியவில்லை. அப்பாவின் கண்ணோரத்தில் வழிந்ததை நான் துடைத்தேன். அது எட்டு வருடத்துக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை அக்கா இருக்கைக்குத் திரும்பி நடந்தபோது அதே கண்களைப் பார்த்தேன்.

அக்கா, வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அந்த இரண்டாவது பாதியை என்னிடம் சொல்லுங்கள். உங்களுக்குப் பேசத் தெம்பு இல்லாவிட்டால் 88ஆம் சங்கீதத்தை நான் வாசிக்கிறேன்.