அவர்கள் பெயரிலேயே அவர்கள் ஆடட்டும்

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்த்ததை நாம் எல்லோரும் கொண்டாடினோம். அதே கூட்டத்தில் லாக்ரோஸும் சேர்க்கப்பட்டது நம்மில் பலரின் கண்ணில் படவே இல்லை. நுனியில் வலைப்பை கட்டிய மட்டையால் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, எதிரணியின் வலைக்குள் எறியும் ஆட்டம் அது. லாஸ் ஏஞ்சல்ஸில் பக்கத்துக்கு ஆறு பேராக, ஆண்களில் ஆறு அணிகளும் பெண்களில் ஆறு அணிகளும் ஆடவிருக்கின்றன.

இந்த ஆட்டம் வட அமெரிக்கப் பூர்வகுடிகளுடையது. அதை இன்றுவரை வழிபாட்டைப் போலப் போற்றி வருபவர்களில் முதன்மையானவர்கள் ஹோடினோஷோனி மக்கள். மோகாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா என்னும் ஆறு இனங்களின் கூட்டமைப்பு அவர்களுடையது. வெளியார் சூட்டிய இரோக்குவா என்ற பெயரை 2022-இல் தங்கள் அணியின் பெயரிலிருந்து எடுத்துவிட்டு, 'நீண்ட வீட்டின் மக்கள்' என்று பொருள்படும் தங்கள் சொந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். தங்களை 'ஓல்' என்று அழைத்துக்கொள்ளும் மக்களைத் தோடர் என்றே எழுதிப் பழகிய நீலகிரிக்காரர்களுக்கு இதன் அருமை புரியும்.

அவர்களின் பெண்கள் அணி 2009-இல் பிராகில் நடந்த உலகக் கோப்பையில் ஆடியது. 2022-இல் அமெரிக்காவின் டவுசன் நகரிலும் ஆடியது. ஊதா நிறத்தின் நடுவே வெள்ளை மரமும் இருபுறமும் சதுரங்களும் கொண்ட தங்கள் கொடியின் கீழ்தான் ஆடினார்கள். உலக லாக்ரோஸ் அமைப்பு அவர்களைத் தனி உறுப்பினராகவே ஏற்றிருக்கிறது. ஒலிம்பிக் குழுவோ, ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பத் தேவையான தேசிய ஒலிம்பிக் குழு அவர்களுக்கு இல்லையென்றும், விரும்பினால் அமெரிக்க அணியிலோ கனடா அணியிலோ சேர்ந்து ஆடலாமென்றும் சொல்கிறது. இந்தப் பதில் தவறானது என்பதே என் உறுதியான கருத்து.

கோத்தகிரிப் பகுதியில் இருபத்தாறு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். எங்களிடம் ஓர் இருளர் குடியிருப்புப் பெண் படித்தாள். சரிவில் ஏறி இறங்கியே வளர்ந்த கால்கள் அவளுக்கு. மாவட்டப் போட்டியில் 400 மீட்டரில் முதலாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்கு வயதுச் சான்று கேட்டார்கள். வீட்டிலேயே பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு இல்லை. அவளுடைய அப்பாவும் நானும் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தோம். ஒவ்வொரு முறையும் வேறொரு தாள் கேட்டார்கள். விண்ணப்பத்தில் ஒட்டிய அவளது புகைப்படம், ஆடி மாத ஈரத்தில் பசை விட்டு ஓரம் சுருண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருந்து புறப்பட்ட அதிகாலையில், "டீச்சர், நான் ஓடுனது பொய்யா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

2015-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் போட்டிக்கு ஹோடினோஷோனிப் பெண்களால் போக முடியாமற்போனதை நான் படித்தபோது, அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. தங்கள் மக்களின் கூட்டமைப்பே வழங்கும் கடவுச்சீட்டில்தான் பயணம் செய்வோம் என்றார்கள் அந்தப் பெண்கள். பிரிட்டன் அதை ஏற்கவில்லை. அமெரிக்க அல்லது கனடியக் கடவுச்சீட்டை எடுத்திருந்தால் விமானம் ஏறியிருக்கலாம். அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். 2010-இல் இதே காரணத்தால் ஆண்கள் அணி மான்செஸ்டருக்குப் போக முடியாததைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பெண்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம். உலகப் போட்டி என்ற வாய்ப்பைப் பதினெட்டு வயதில் விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது, பிள்ளைகளை மைதானத்தில் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

விதி விதிதானே என்று சிலர் கேட்கக்கூடும். தனி நாடல்லாத ஹாங்காங்கும் புவேர்ட்டோ ரிக்கோவும் ஒலிம்பிக்கில் தங்கள் பெயரிலேயே ஆடுகின்றன. எந்த நாட்டின் சார்பிலும் ஆட இயலாத அகதிகளுக்காக 2016-இல் ரியோவில் ஒரு தனி அணியே அமைக்கப்பட்டது. மனம் இருந்தபோது அந்தக் குழுவே வழி கண்டிருக்கிறது. ஹோடினோஷோனிக்கு வழிவிட வேண்டும் என்று 2023 டிசம்பரில் அமெரிக்க அதிபராக இருந்த பைடனே கேட்டுக்கொண்டார்.

தகுதிப் போட்டியில் தோற்றால் தோற்கட்டும், அது விளையாட்டு. ஆனால் அந்தத் தகுதிப் போட்டிக்குத் தங்கள் பெயரோடு வரும் உரிமை அவர்களுக்கு வேண்டும். 2015-இல் வீட்டில் இருந்துவிட்ட அந்தப் பெண்கள் 2028-இல் முப்பதைத் தொட்டிருப்பார்கள். இவ்வளவு ஓட்டம் கேட்கும் ஆட்டத்தில், அதற்குப் பிறகு அவர்களுக்கு மீதமிருக்கும் ஆண்டுகள் மிகச் சில.