பிலினா: மூலிகையும் கதைப்பாடலும்

செக் மொழியில் ‘பிலினா’ என்றால் மூலிகை. ரஷ்ய இலக்கிய வரலாற்றில் அதே சொல், இலியா மூரமெத்ஸ், தொப்ரீன்யா நிகீத்திச் போன்ற வீரர்களைப் பாடும் வாய்மொழிக் கதைப்பாடலைக் குறிக்கிறது. இதைக் கேட்டவுடன் ‘கவிதையே மருந்து’ என்று உருகுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மையான உறவு அதைவிடச் சுவையானது.

இரண்டு பொருளும், செக், ரஷ்யம் முதலியவை அடங்கும் ஸ்லாவிய மொழிக் குடும்பத்தின் ‘இருத்தல்’ என்னும் வினையிலிருந்து கிளைத்தவை. அந்த வினைக்கும் மூலமான இந்தோ-ஐரோப்பிய வேருக்கு ஆதல், வளர்தல் ஆகிய பொருள்களும் இருந்தன. வளர்வது செடியாயிற்று; முன்பு இருந்தது, அதாவது நடந்தது, பாட்டாயிற்று. வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பூமி, பூதம் ஆகியவையும் இதே வேரைச் சேர்ந்தவைதாம். (நம் பூவை மட்டும் இதில் இழுத்துவிட வேண்டாம், அது திராவிடச் சொல், ஒலி ஒத்திருப்பது தற்செயல்.)

என் மனக்குறை வேறு. பாட்டுக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர்கள் அதைப் பாடியவர்கள் அல்லர். ‘ஈகோரின் படையெழுச்சி’ என்னும் பழைய நூலில் ‘இக்காலத்து நிகழ்வுகளின்படி’ என்ற பொருளில் வரும் தொடரிலிருந்து அச்சொல்லை எடுத்து, 1830களில் இவான் சாகரொவ் என்ற தொகுப்பாளர் இப்பாடல்களுக்குப் பெயராக்கினார். பாடிய உழவர்களும் மீனவர்களும் அவற்றை ‘ஸ்தாரினா’, அதாவது ‘பழையது’, என்றே அழைத்தார்கள்.

இந்தப் பாடகர்களை மதிக்கத் தெரிந்தவர் அலெக்சாந்தர் கில்ஃபர்திங் என்ற ரஷ்ய அறிஞர். 1871 கோடையில் வடமேற்கு ரஷ்யாவின் ஒனேகா ஏரிப் பகுதிக்குச் சென்று, சுமார் இரண்டே மாதங்களில் 70 பாடகர்களிடமிருந்து 318 பாடல்களை எழுதினார். சொல்லச் சொல்ல எழுதினால் சந்தம் குலைவதைக் கண்டு, பாடவைத்தே எழுதினார். தொகுப்பையும் கதைவாரியாக அல்லாமல் பாடகர்வாரியாக அமைத்தார். மறு ஆண்டு அதே பணிக்காகச் சென்ற வழியில் நோயுற்று இறந்தார். அவருடைய தொகுப்பும் ‘ஒனேகா பிலினாக்கள்’ என்றுதான் வெளியானது என்பது வேதனை.

‘நடந்தது’ என்று பெயரிட்டதும் அறிஞர்கள் ஒவ்வொரு வீரனுக்கும் வரலாற்றில் ஆள் தேடத் தொடங்கினார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் நடக்க முடியாமல் கிடந்து பின் எழுந்த இலியாவுக்கும், கடலரசனுக்கு யாழ் போன்ற கருவியை மீட்டிய சாத்கோவுக்கும் ‘பழையது’ என்ற அடக்கமான பெயரே பொருந்தும் என்பது என் கருத்து. ஆகவே தமிழில் இப்பாடல்களைப் பற்றி எழுதுவோர் ‘ஸ்தாரினா’வையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

ரஷ்ய மொழியில் ‘பிலின்கா’ என்றால் இன்றும் ஒற்றைப் புல்தாள். அந்த ஏரிக்கரைப் பாடகரிடம் சென்று ஒரு பிலினா வேண்டும் என்று கேட்டிருந்தால், அவர் புல்வெளியைத்தான் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.