அம்மாவை ஐந்தாம் மாடியிலிருந்து இறக்கினோம்

ரங்கூன் டவுனை விட்டு ஆற்றுக்கு அக்கரையில் தன்லின் வந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாரைப் பார்த்தாலும் இன்னும் அதே கேள்விதான். "காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்துட்டு, இப்படிப் பாலம் தாண்டிப் போயிட்டீங்களே! பிள்ளைங்களுக்குத் தமிழ் மறந்துடாதா?" நின்று பதில் சொல்ல அங்கே நேரம் இருப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டவுன் வீடு அனோரத்தா சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. அப்பா கடைசி வரைக்கும் அந்தச் சாலையைப் பழைய பெயரில் பிரேசர் தெரு என்றுதான் சொன்னார். பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். முன்னால் பால்கனி, பின்னால் அடுப்படி, நடுவில் பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு. ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. மேலே ஏற ஏற விலை குறையும் என்பது டவுனில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்பா வாங்கும்போது எங்களுக்கெல்லாம் கால் நன்றாக இருந்தது, அதனால் ஐந்தாம் மாடி லாபமாகத் தெரிந்தது.

பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு நைலான் கயிறு தொங்கும். கீழ் முனையில் ஒரு கிளிப், மேலே ஒரு சின்ன மணி. பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரை மாட்டிக் கயிற்றை இழுப்பார், மணி அடிக்கும், அம்மா மேலே இழுத்துக்கொள்வார். கீரைக்கும் பாலுக்கும் கூடை இறங்கும். கீழே இருக்கும் கீரைக்காரம்மாவும் மேலே இருக்கும் அம்மாவும் வருடக்கணக்காகப் பழக்கம். ஆனால் கடைசி நாட்களில் அம்மாவுக்கு அவர் முகம் வெறும் தலை உச்சியாகத்தான் தெரிந்தது. மூட்டுவலி வந்த பிறகு அம்மா இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு என்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நானும் தம்பியும் முன்னும் பின்னும் பிடித்து 87 படி இறக்குவோம். திரும்ப ஏற்றுவதற்குள் அம்மா அழுதுவிடுவார். வலியால் அல்ல, எங்களைப் பார்த்து.

காளியம்மன் கோயில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. 1871-இல் நம் முன்னோர் கட்டிய கோயில். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அம்மா அம்மனைப் பார்த்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. "கோயிலுக்குப் பக்கத்தில்" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். பக்கமா தூரமா என்பதை வீட்டில் இருப்பவர்களில் யாருடைய காலை வைத்து அளக்கிறீர்கள்?

அப்புறம் 2025 மார்ச் 28. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நிலம் ஆடியது. சகாயிங், மந்தலே பக்கம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ரங்கூனில் பெரிய சேதம் இல்லை, ஆனால் மாடியில் இருந்தவர்களுக்குத் தெரியும் அந்த ஆட்டம். தெருவே வெளியே வந்து நின்றது. நான் வேலையில் இருந்தேன், மனைவி கடைத்தெருவில். போன் போகவில்லை. ஓடி வந்து ஏறிப் பார்த்தால், சாமி படத்துக்குக் கீழே அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "எல்லாரும் இறங்கிட்டாங்களாப்பா?" என்று கேட்டார். எங்கள் மாடியில் எல்லோரும் இறங்கியிருந்தார்கள், அம்மாவைத் தவிர. 1930-இல் பெகுவை அழித்த பூகம்பமும் இதே சகாயிங் நிலப்பிளவில் வந்ததுதான். தன்லினில் பூகம்பம் வராது என்று நான் சொல்லவில்லை. அங்கே அம்மா வாசலுக்கு வர மூன்று எட்டு போதும் என்கிறேன்.

அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்துவிட்டோம்.

நம்மவர்களுக்கு டவுனை விட்டுப் போவதென்றால் ஏன் இவ்வளவு கூச்சம் என்று நிறைய யோசித்தேன். இந்த ஊரில் புறநகர் என்பது ஆசைப்பட்டுப் போன இடமாக இருந்ததில்லை. 1958-க்கும் 1960-க்கும் இடையில் டவுன் குடிசைகளில் இருந்தவர்களை அரசாங்கம் ஏற்றிக்கொண்டு போய் விட்ட இடங்கள்தான் வடக்கு ஒக்கலாபா, தெற்கு ஒக்கலாபா, தாக்கேட்டா. 1988-க்குப் பிறகு புது டகோன், லைங்தாயா, ஷ்வேபியிதா என்று மறுபடியும் அதே கதை. அந்தப் பயம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அப்போது போகச் சொன்னார்கள். இப்போது நாமாக, வீட்டைப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துப் போகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டும். டவுனில் கரண்ட் இருந்தால்தான் தண்ணீர். மோட்டார் ஓடினால்தான் ஐந்தாம் மாடித் தொட்டி நிறையும். கரண்ட் முறை வைத்து வர ஆரம்பித்த பிறகு, நள்ளிரவு ஒரு மணிக்கு வந்தால் ஒரு மணிக்கு எழுந்து மோட்டார் போட வேண்டும். என் மனைவி இரண்டு வருடம் முழுத் தூக்கம் தூங்கவில்லை. இங்கேயும் கரண்ட் அதே லட்சணம்தான், ஆனால் வாசலில் அடிகுழாய் இருக்கிறது.

சரி, தமிழுக்கு வருகிறேன். உண்மையைச் சொல்லுங்கள், டவுனில் நம் பிள்ளைகள் யாரோடு தமிழ் பேசுகிறார்கள்? எங்கள் படிக்கட்டில் பர்மியக் குடும்பம், சீனக் குடும்பம், மேலே ஒரு ரக்கைன் குடும்பம். எல்லோரும் நல்லவர்கள், ஆனால் பேச்சு பர்மியம்தான். அம்மா தமிழில் கேட்டால் என் மகன் பர்மியத்தில் பதில் சொல்வான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அ, ஆ எழுதினான், பேச்சு வரவில்லை. இங்கே தன்லினிலும் அந்தப் பக்கம் சௌதான் கிராமங்களிலும் வயலை நம்பியே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. நம்மில் எத்தனையோ பேர் குடும்பத்தோடு பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு வந்து கும்பிட்டுவிட்டுச் சாயங்காலமே டவுனுக்குத் திரும்பிவிடுகிறோம். வழியில் கன்னத்தில் பர்மியர் போலத் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு மாடு ஓட்டிப் போகும் பையன் தமிழில் அதட்டுவதை நின்று கேட்டிருக்கிறோமா?

வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவிடம், "ஏத்தா, முருங்கக்காய் நெறயக் காய்ச்சுக் கெடக்கு, பேரன அனுப்பு" என்றார். மகன் போனான். வாங்கிக்கொண்டு வந்து, "அப்பாயி, நெறய இருக்காம், நாளைக்கும் வரச் சொன்னாங்க" என்றான். முழு வாக்கியம். தமிழில். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

கஷ்டம் இல்லையா என்றால், இருக்கிறது. காலை ஆறு மணிக்கு முன்னால் பஸ் ஏறாவிட்டால் பாலத்தில் மாட்டிக்கொள்வேன். 1993-இல் அந்தப் பாலம் திறப்பதற்கு முன் படகுதான் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். ராத்திரி நேரத்தில் அவசரம் என்றால் பெரிய ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. இதை நான் லேசாகச் சொல்லவில்லை, எனக்கே பயம் உண்டு. காலேஜ் போகும் பெண் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் இதே யோசனையைச் சொல்ல மாட்டேன். தம்பி இன்னும் டவுனில்தான் இருக்கிறான், அவன் வேலைக்கு அதுதான் சரி. எங்கள் மாடி வீட்டில் இப்போது புதுசாகக் கல்யாணமான ஜோடி குடியிருக்கிறார்கள். இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறுகிறார்கள்.

வீட்டில் வயதானவர்களை மேல்மாடியில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. வீடு பார்ப்பதென்றால் மழைக்காலத்தில், ஆகஸ்டில் வந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். இங்கேயும் ஆறு மாத வாடகையாவது முன்கூட்டியே மொத்தமாகக் கேட்பார்கள், பணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் இப்போது இரண்டு வீடு காலியாக இருக்கிறது, ஒன்றில் கிணறு உண்டு. உள்பெட்டியில் கேட்டால் விவரம் சொல்கிறேன். சாயங்காலம் வந்தால் அம்மா வாசலில்தான் இருப்பார், பக்கத்து வீட்டுப் பாட்டியோடு.