அமைச்சர் கேட்கக் கூடாது, பதில் சொல்ல வேண்டும்

நேற்றிலிருந்து இலங்கைப் பாராளுமன்றத்தில் அமைச்சர் பேசிய காணொளியை எல்லாக் குழுவிலும் போடுகிறீர்கள். பின்னணி இசை, மேலே "மலையகத்தின் குரல்" என்று பெரிய எழுத்து. முழுதாகப் பார்த்தேன். மலையகத் தேயிலைத் தோட்ட மக்களுக்குக் காணி வேண்டும், வீடு வேண்டும், சம்பளம் போதாது என்று அமைச்சர் உருக்கமாகப் பேசுகிறார். சொன்னதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. ஆனால் அதை யாரிடம் கேட்கிறார்? அந்த அமைச்சு அவர் கையில்தானே இருக்கிறது?

அது குழுநிலை விவாதம். வரவு செலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பு முடிந்த பிறகு ஒவ்வொரு அமைச்சின் செலவுத் தலைப்பையும் தனித்தனியாக எடுப்பார்கள். எதிர்க்கட்சி 10 ரூபாய் வெட்டுப் பிரேரணை கொண்டுவரும். அந்தப் பத்து ரூபாயைக் குறைப்பது நோக்கமல்ல, அந்த அமைச்சைப் பற்றிப் பேச அதுதான் வழி. உறுப்பினர்களுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். எல்லாரும் பேசி முடித்ததும் கடைசியில் அமைச்சர் எழும்புவார். அந்த நேரம் அவருக்குத் தரப்படுவது பதில் சொல்ல. கோரிக்கை வைக்க அல்ல. "செய்ய வேண்டும்" என்று சொல்வது பின்வரிசை உறுப்பினரின் வேலை. "இந்த மாதத்துக்குள் செய்கிறோம்" அல்லது "இன்ன காரணத்தால் முடியவில்லை" என்பதுதான் அமைச்சரின் பேச்சு.

பதில் என்றால் என்ன? பணம் மீண்டெழும் செலவிலா (சம்பளம் போன்ற அன்றாடச் செலவு) மூலதனச் செலவிலா (வீடு, வீதி போன்றவை), போன வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது, எவ்வளவு செலவாகாமல் கிடந்தது, ஏன் கிடந்தது. இதைச் சொல்ல உருக்கம் தேவையில்லை. ஒரு தாள் போதும். அமைச்சின் அதிகாரிகள் அந்தத் தாளைக் கொடுக்கத்தான் பாராளுமன்றத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சம்பளத்தையே எடுங்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாள் சம்பளம் 1350இலிருந்து 1550, அதோடு வருகைக்கு அரசாங்கம் 200, மொத்தம் 1750 என்று அறிவித்தார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் மலையில் ஏறும் பெண்ணுக்கு அந்த 200 எப்படி வந்து சேரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொழுந்து கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டால் அந்த நாள் வருகையாகுமா? மழையில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, வந்து நின்றவளை வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினால்? அந்த 200க்கு ஊழியர் சேமலாப நிதி உண்டா? தொழில் கொடுப்பவரின் பங்கு 12 வீதம் என்றால் நாளைக்கு 24 ரூபாய், 25 நாள் வேலைக்கு மாதம் 600 ரூபாய். சின்னத் தொகை என்று சொல்லாதீர்கள், ஓய்வு பெறும்போது கையில் வருவது அதுதான். இந்த மூன்றுக்கும் அமைச்சர் தன் வாயால் பதில் சொல்லி அது ஹன்சார்டில், அதாவது பாராளுமன்றப் பேச்சுப் பதிவில், ஏறினால், நாளைக்குச் சம்பளச் சீட்டில் 200 குறையும்போது அந்தப் பக்கத்தைக் காட்டிச் சண்டை பிடிக்கலாம். "போதாது" என்ற வார்த்தையைக் காட்டி எந்தத் தோட்டத் துரையிடம் என்ன கேட்பது?

காணியும் அப்படித்தான். குடும்பத்துக்கு 7 பேர்ச் (நில அளவு) காணி என்று மேடையில் சொல்வது சுலபம். காணி அரசுடையது, 1992க்குப் பிறகு கம்பெனிகளின் குத்தகையில் இருக்கிறது. முதலில் கம்பெனி விடுவிக்க வேண்டும், மண்சரிவு அபாயம் இல்லை என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ல வேண்டும், நில அளவை நடக்க வேண்டும், பிறகு காணி உறுதி எழுத வேண்டும். இதில் எந்தப் படியில் எத்தனை குடும்பம் நிற்கிறது? மலையில் மண்சரிவுகளை உண்டாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென்றே புதிய கிராமங்கள் அதிகார சபை சட்டம் போட்டு உருவாக்கப்பட்டது. அதன் கணக்கைச் சொல்ல வேண்டியவர் அமைச்சர்தான்.

"தமிழில் பேசினாரே, அது பெருமை இல்லையா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பெருமைதான். அரசியலமைப்பு தந்த உரிமை அது. தமிழில் பேசினால் ஹன்சார்டில் தமிழிலேயே அச்சாகும், ஹட்டனில் இருக்கும் பிள்ளையும் வாசிக்கலாம். அதனால்தான் அந்தத் தமிழில் தொகையும் திகதியும் இருக்க வேண்டும் என்கிறேன்.

"முந்தினவர்கள் என்ன கிழித்தார்கள்?" அவர்களையும் இதே கேள்விதான் கேட்டேன். "நீ எந்தக் கட்சி?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கணக்குக் கேட்டாலே கட்சிக்காரன் என்று முத்திரை குத்தினால் நம் ஊரில் யார்தான் கேட்பது?

1947இல் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து 7 பேர் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். அடுத்த வருடமே நம் மக்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் நமக்காக வென்றவர் ஒருவரும் இல்லை. அன்று கேட்கவே ஆள் இல்லை. 1978இல் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் அமைச்சரானதிலிருந்து பதில் சொல்லும் பக்கத்து நாற்காலி நமக்கும் கிடைக்கிறது. அந்த நாற்காலியில் இருப்பவர் எதிர்க்கட்சிக்காரர் மாதிரி இறைஞ்சுவதைப் பார்த்துக் கைதட்டுகிறோமே, எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

காணொளி போட்டவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாராளுமன்ற இணையத்தளத்தில் அன்றைய திகதிக்கு ஹன்சார்ட் கிடைக்கும். முதலில் வருவது திருத்தப்படாத பிரதி, அதுவே போதும். அமைச்சரின் உரையை மட்டும் பாருங்கள். அவர் "சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அந்த ஆவணமும் கீழே அச்சாகியிருக்கலாம், அதையும் விடாதீர்கள். ஒரு தொகை, ஒரு திகதி, பொறுப்பான ஒரு நிறுவனம். மூன்றில் ஒன்றாவது இருந்தால் பக்க எண்ணோடு இங்கே போடுங்கள். என் பக்கத்தில் நானே பகிர்கிறேன்.