பட்டன் இருக்கிறது, ரப்பர் இல்லை

டயர் கடைக்குள் நுழைந்ததும் நம் பக்கத்துக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் வருமுங்க?" என்பதுதான். நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரியால் வளர்ந்த ஊர்கள். ஒரு டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, தேய்ந்த பிறகு எத்தனை முறை மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெடிங் செய்யலாம் என்று நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். தினமும் சரக்கேற்றி ஓடும் வண்டிக்கு அந்தக் கேள்வி முற்றிலும் சரியானது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஷெட்டை விட்டு வெளியே வரும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே கேள்வியைக் கேட்டு டயர் வாங்குவது தவறு என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இத்தகைய கார்கள் பெருகிவிட்ட இந்நாளில், இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

என்னுடையது போர்ஷே கேமன், இரண்டாம் கையாக வாங்கியது. விற்றவர் டயரைக் காட்டி, பட்டன், அதாவது சாலையில் படும் மேற்பரப்பின் ரப்பர் கட்டைகள், புதிதைப் போலவே இருக்கிறது என்றார். அது உண்மைதான்; அளந்து பார்த்தபோது நான்கிலும் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஆழம் இருந்தது. தேய்மான எல்லை 1.6 மில்லிமீட்டர் என்பதால் எனக்கும் எந்தச் சந்தேகமும் எழவில்லை. அந்த ஐப்பசியில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மழையில் இறங்கிக்கொண்டிருந்தேன். நாற்பது கிலோமீட்டர் வேகம்கூட இல்லாத ஒரு வளைவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பின்பக்கம் வழுக்கிச் சாலையின் வெளிப்புறத்தை நோக்கிப் போனது. காரின் மின்னணுக் கட்டுப்பாடு பிடித்து நிறுத்தியதால் தடுப்புச் சுவருக்கு ஓரடி முன்பாக நின்றேன். வீட்டுக்கு வந்து டயரின் பக்கவாட்டில் டார்ச் அடித்துத் தேடியபோதுதான் 3416 என்ற எண் கண்ணில் பட்டது. முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். அதாவது 2016ஆம் ஆண்டின் 34ஆம் வாரத்தில் செய்த டயர். நான் வழுக்கியது 2023இல்.

ரப்பர் ஓடித் தேய்வதால் மட்டும் கெடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து அதை இறுக்குகிறது. ஓசோனும் வெயிலும் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள்கள் காலப்போக்கில் குறைந்துவிடுகின்றன. வெப்பம் கூடக்கூட இவையெல்லாம் வேகமெடுக்கும். சித்திரை வெயிலில் கரூரிலும் ஈரோட்டிலும் தகர ஷெட்டுக்குள் மாதக்கணக்கில் நிற்கும் காரின் டயருக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நகத்தால் அழுத்திப் பார்த்தால் என் பழைய டயர் பிளாஸ்டிக்கைப் போல இருந்தது. பட்டன் இருந்தது, ரப்பர் இல்லை.

இங்கிருந்துதான் என் கணக்கு மாறியது. நான் ஓட்டுவது ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர். ஆறாவது ஆண்டில் டயரை மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டால், அதன் வாழ்நாள் முழுவதற்கும் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஆகிறது. பின்பக்க டயர் விரைவில் தேயும் என்றாலும், இந்த அளவு ஓட்டத்துக்குத் தேய்மானத்தைவிட வயதுதான் பெரும்பாலும் முந்திக்கொள்ளும். அப்படியிருக்க, அதிக கிலோமீட்டர் வரும் என்பதற்காகக் கடினமான ரப்பரைத் தேர்ந்தெடுத்தால், நமக்குப் பயன்படவே போகாத ஆயுளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் தேவைப்படும் பிடிமானத்தை இழக்கிறோம். சிக்கனம் நம் மண்ணின் நல்ல குணம்தான், ஆனால் இந்த இடத்தில் அது கணக்குத் தவறிப்போகிறது.

அதற்காக மறுமுனைக்கும் போய்விடக் கூடாது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் தங்கை மாப்பிள்ளை, பந்தய டயருக்கு மிக நெருக்கமான மிஷலினின் பைலட் ஸ்போர்ட் கப் 2 வகையைத்தான் போட வேண்டும் என்று நின்றார். "மச்சான், செட்டிபாளையம் கரி டிராக்குக்குப் போறப்ப அதுதானுங்க சரி" என்பது அவர் வாதம். "வருசத்துல ரெண்டு நாள் டிராக்குக்குப் போறதுக்காக, மழையில மலை இறங்குற மத்த நாளையெல்லாம் விட்டுக்கொடுக்க முடியுமாங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அந்த வகை டயரில் நீர் வடிய வேண்டிய பள்ளங்கள் குறைவு. சூடேறிய பிறகுதான் அதன் முழுப் பிடிமானமும் வரும். அகலமான டயர் தேங்கிய நீரின் மேல் மிதப்பதற்கு ஏற்கெனவே கூடுதல் வாய்ப்பு உண்டு. பள்ளமும் குறைந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அவிநாசி சாலையில் போவதற்கே தயங்க வேண்டியிருக்கும். டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் தேய்மான மதிப்பெண் கப் 2க்கு 180 என்றும், சாலைக்கான பைலட் ஸ்போர்ட் 4 எஸ்ஸுக்கு 300 என்றும் இருப்பதை அவர் சுட்டிக்காட்டி, குறைந்த எண்தான் அதிகப் பிடிமானம் என்றார். காய்ந்த சாலையில் அது பெரும்பாலும் பொருந்தும். நனைந்த சாலையைப் பற்றி அந்த எண் எதுவுமே சொல்வதில்லை. இறக்குமதியாகும் பல டயர்களில் ஒட்டியிருக்கும் ஐரோப்பியச் சீட்டில், ஈரப் பிடிமானத்துக்கென ஏ முதல் இ வரை தனியாக ஒரு தரம் இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

டயரைத் தேர்ந்தெடுப்பது ஓட்டுநர் அல்ல, அவர் போகும் சாலை என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த பார்முலா ஒன் பந்தயத்தில், மிஷலின் டயர் போட்டிருந்த 14 கார்களும் தொடக்கச் சுற்று முடிந்ததும் விலகிக்கொண்டன. அங்கிருந்த சாய்வான 13ஆம் வளைவின் அழுத்தத்தை அந்த டயர்கள் தாங்காது என்பது பயிற்சியின்போதே தெரிந்துவிட்டது. பிரிட்ஜ்ஸ்டோன் போட்டிருந்த ஆறு கார்கள் மட்டுமே ஓடின. அவற்றுள் ஒன்றான ஜோர்டான் அணியின் காரில் கோவையின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். மற்றப் பந்தயங்களில் வென்றுகொண்டிருந்த டயர்தான் அந்த ஒரு வளைவுக்கு ஒத்துவராமல் போனது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் இருபத்தேழு, கொல்லிமலையில் எழுபது என்று வைத்திருக்கும் நாம், நம் வளைவுகளுக்கு ஏற்றதைத்தானே தேட வேண்டும்? இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்ந்து பின் சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. அந்த நேரத்தில் பின் டயரின் ஈரப் பிடிமானம்தான் காரைக் கோட்டில் வைத்திருக்கிறது.

அளவைப் பொறுத்தவரை எந்தச் சமரசமும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. என் காருக்கு முன்னே 235/40 இசட்ஆர் 19, பின்னே 265/40 இசட்ஆர் 19; முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம். முன்னும் பின்னும் அகலம் வேறுபடுவதால் இடம் மாற்றிப் போடவும் முடியாது. பின் டயரில் 98 ஒய் என்றிருந்தால், ஒரு டயர் 750 கிலோ எடையையும் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தையும் தாங்கும் என்று பொருள். நம் சாலையில் யார் அந்த வேகத்தில் போகிறார்கள் என்று கேட்டுக் குறைந்த தரத்தைப் பரிந்துரைக்கிறவர்கள் உண்டு. அந்த எழுத்து வேகத்தை மட்டும் குறிப்பதில்லை, வெப்பத்தைத் தாங்கும் கட்டமைப்பையும் சேர்த்தே குறிக்கிறது. போர்ஷே சோதித்து ஏற்ற டயர்களில் என்0, என்1 போன்ற குறி இருக்கும். அதே பெயரில் குறியில்லாமல் விற்கும் டயரின் உள்கட்டமைப்பு வேறாக இருக்கலாம் என்பதால், நான்கிலும் ஒரே குறியாக வாங்கினேன்.

2020 ஜூனில் புதிய டயர்களின் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு இப்படிப்பட்ட அளவுகளுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த அவசரத்தில் பலர் குடோனில் கிடந்த பழைய இருப்பை வாங்கிவிடுகிறார்கள். நம் டயர் வயதால்தான் சாகப்போகிறது என்றால், குடோனில் கழிந்த ஒவ்வோர் ஆண்டும் நாம் பணம் கொடுத்து வாங்கும் ஆயுளில் கழிகிறது. முதலில் வந்த டயர்கள் இரண்டரை ஆண்டுப் பழையவை என்பதால் திருப்பி அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து, செய்து எட்டு மாதமே ஆன பைலட் ஸ்போர்ட் 4 எஸ் வந்தது.

மாட்டிய அன்றே சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் செய்துகொண்டேன். இவ்வகைக் கார்களில் சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், வெளியிலிருந்து பார்க்க நல்ல நிலையில் இருக்கும் டயரின் உள்விளிம்பு கம்பி தெரியுமளவுக்குத் தேய்ந்திருக்கும். காற்றை விடியற்காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே அளக்கிறேன். ஏறத்தாழ ஆறு டிகிரி வெப்பம் மாறினால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ மாறும். நண்பகல் வெயிலில் நிரப்பிய காற்று மறுநாள் குளிர்ந்த காலையில் குறைந்திருக்கும். ஊட்டியின் மார்கழி, தை உறைபனிக் காலையில் இந்தக் கோடைக்கால ரப்பர் விறைத்துப்போகும் என்பதால், அங்கே முதல் சில கிலோமீட்டர்களை மிக மெதுவாகவே ஓட்டுகிறேன். புது டயரின் மேற்பூச்சு தேய்ந்து போகும்வரை முதல் முந்நூறு கிலோமீட்டருக்கும் அதே நிதானம்தான்.

கழற்றிய நான்கு டயர்களையும் கடைப் பையன் ஓரமாக அடுக்கி, "பட்டன் இவ்வளவு இருக்குதுங்கண்ணா, செகண்ட்ஸ்ல நல்ல வெலைக்குப் போகுமுங்க" என்றான். கத்தி ஒன்றை எடுத்துவரச் சொல்லி, நான்கின் பக்கச்சுவரையும் என் கண் முன்னாலேயே அறுக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.