மெடிசின் கிடைக்காதவங்க படிக்கிறதாம் இன்ஜினியரிங்

ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல நடந்தத திரும்ப எழுத வேணாம், வீடியோ மலேசியா சுங்கை சிப்புட் வாட்சப் முழுக்க ஓடிடுச்சு. மெட்டீரியல் இன்ஜினியரிங்குக்கு, அதான் எந்த வேலைக்கு எந்தப் பொருள்னு ஆராய்ஞ்சு உருவாக்குற படிப்புக்கு, யூனிவர்சிட்டில இடம் கிடைச்ச புள்ளைய மேடையில நிக்க வச்சு, மைக்க வாயில வச்சுக்கிட்டே "ஏம்மா, மெடிசின் கிடைக்கலயா? பரவால்ல"ன்னு ஆறுதல் சொல்றார் ஒரு பெரிய மனுஷர். மண்டபமே சிரிக்குது. அந்தப் புள்ளையும் சேந்து சிரிச்சுது பாருங்க, அதான் எனக்குத் தாங்கல.

பரவால்லயாம்!

ராபர்ட் லேங்கர்னு ஒருத்தர் இருக்கார், பெரிய மனுஷர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கெமிக்கல் இன்ஜினியர். 1974-ல அமெரிக்காவுல எம்ஐடில டாக்டரேட் முடிக்கிறார், எண்ணெய் நெருக்கடி நேரம், ஆயில் கம்பெனிங்க போட்டி போட்டுக்கிட்டு கூப்பிட்டு கைல 20 வேலை. இவர் அதெல்லாம் வேணாம்னுட்டு ஆஸ்பத்திரிங்களுக்கு எழுதிப் போட்டா ஒருத்தரும் பதில் போடல. கடைசில பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரில ஜூடா ஃபோக்மன்ங்கிற சர்ஜன் சேத்துக்கிட்டார். புரதம் மாதிரி பெரிய மூலக்கூறு பிளாஸ்டிக்குக்குள்ளேர்ந்து கசிஞ்சு வரவே வராதுன்னு பெரிய பெரிய ஆளுங்க அடிச்சுச் சொன்னத, மெதுவா கசிய விட்டுக் காட்டினார், 1976-ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்துச்சு. அப்பவும் நம்பல. ஆராய்ச்சிக்குக் காசு கேட்டு எழுதின முதல் 9 விண்ணப்பமும் தள்ளுபடி.

அப்புறம் ஹென்றி பிரெம்னு ஒரு மூளை சர்ஜனோட சேந்து, கட்டிய எடுத்த இடத்துலயே மருந்து வில்லைய வச்சுத் தச்சிடற முறை, உள்ளயே கரைஞ்சு மருந்த விட்டுக்கிட்டே இருக்கும், 1996-ல அனுமதி கிடைச்சுது. கோவிட்ல மாடர்னா ஊசின்னு கேட்டீங்களே, அந்தக் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல இவரும் ஒருத்தர். மெடிசின் கிடைக்காத கேஸ் போல!

இவர் ஒரு கதை சொல்வார். செயற்கை இதயத்துக்கு டாக்டருங்க முதல்ல எடுத்த பொருள், பொம்பளைங்க இடுப்ப இறுக்கப் போடுற உள்ளாடையோட பொருள். நல்லா இழுபடுதேன்னு எடுத்துப் போட்டாங்க, ரத்தம் பட்டா உறையுமே, அது எங்க யோசிச்சாங்க? உடம்புக்குன்னே பொருள உருவாக்கணும்னு வேலை செஞ்சவர் இந்த இன்ஜினியர்.

"அப்ப டாக்டர் மட்டமா?"ன்னு வருவீங்க. நான் சொல்லவே இல்ல. ஃபோக்மன் டாக்டர்தான், சரி, விடுங்க.

எங்கம்மா தீம்பார்ல, அதான் ரப்பர் தோட்டத்துல, பால்மரம் சீவிச் சீவியே முட்டி தேஞ்சவங்க. முட்டி மாத்தி ஆபரேஷன் பண்ண டாக்டர் தங்கமான மனுஷன், கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனா இப்ப அம்மா கோயிலுக்கு நடந்து போறது கோபால்ட் குரோமியம்ங்கிற உலோகத்துலயும் பாலிஎத்திலீன்ங்கிற பிளாஸ்டிக்லயும். எது மேல எது உரசினா சீக்கிரம் தேயாதுன்னு உக்காந்து பாத்தவனுக்கு எந்த மண்டபத்துல மாலை போட்டீங்க?

நம்ம ஜனத்துக்கு மெட்டீரியல் புதுசா என்ன? அம்மோனியா ஊத்தினா பால் கட்டாது, ஆசிட் ஊத்தினா கட்டிக்கும்னு பால் ஸ்டோர்ல நின்ன எங்க தாத்தாவுக்கே தெரியும். டாக்டர் கைல மாட்டுற கிளவுஸ் முதல்முதல்ல அந்தப் பால்லேர்ந்து வந்ததுதான். நான் கிளவுஸ் ஃபேக்டரில கியூசி, தரம் பாக்கிறவன், சாம்பிளுக்கு எடுத்த ஒவ்வொண்ணுலயும் 1 லிட்டர் தண்ணி ஊத்தித் தொங்க விட்டு ஓட்டை இருக்கான்னு பாக்கிற வேலை. கல்யாண வீட்ல சொன்னா "ஓ, ஃபேக்டரியா"ன்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிறாங்க. 2020-ல மட்டும் "தம்பி, ஒரு பெட்டி கிடைக்குமா?"ன்னு எத்தன போன்!

மெடிசின்தான் பாதுகாப்புன்னு இன்னும் பேசுறவங்க, 2021 ஜூலைல நம்ம மலேசியாவுல நிரந்தர வேலை இல்லாத கான்ட்ராக்ட் டாக்டருங்க ஹர்தால், அதான் வேலைநிறுத்தம், பண்ணத மறந்துட்டீங்களா? பாவம் அந்தப் பிள்ளைங்க. அவங்களையும் இப்படி மேடையில ஏத்தித்தான் கடன் வாங்கிப் படிக்க அனுப்பி வச்சோம்.

வெள்ளைக்காரன் கதை எதுக்கு, நம்ம கலாம் ஐயா இல்லையான்னு ஒருத்தர் கேப்பார். சரி, அவரையே எடுப்போம். ஏவுகணைக்கு வச்சிருந்த லேசான பொருள வச்சு, பிள்ளைங்க கால்ல 3 கிலோவுக்கு இழுத்துக்கிட்டுத் திரிஞ்ச காலிப்பர, அதான் நடக்கக் கால்ல மாட்டுற தாங்கிய, 300 கிராமுக்குக் கொண்டு வந்தத அவரே மேடை மேடையா சொன்னாரு. அவரும் இன்ஜினியர்தானேய்யா! படத்த மாட்டி மாலை போட மட்டும்தான் கலாமா?

கமிட்டிலேர்ந்து ஒரு அண்ணன் போன் பண்ணி, விளையாட்டுக்குச் சொன்னத பெருசு பண்ணாதப்பா, எழுதினா எடுத்துருன்னார். எடுக்க மாட்டேண்ணே. அடுத்த வருஷம் நன்கொடை ரசீது புக்கோட வீட்டுக்கு வருவீங்கள்ல, அப்ப இத பேசிட்டு அத பேசுவோம்.